அவையல்கிளவியும் இணையவழிக் குழுக்களும்

தமிழ்மொழியும் இலக்கியமும்: இலக்கணம், கட்டுரை ஆகிய இரு பகுதிகளுக்கும் உரிய பாடம்



“இடக்கரடக்கல் என்றால் என்ன? உதாரணம் தருக” என்று கேட்டால் உங்களிற் பலர் “கால் கழுவி வந்தான்” என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவீர்கள். விடை சரிதான். ஆனால் அந்த விதி எதற்காக ஏற்பட்டது, இன்று அது எங்கே பயன்படுகிறது என்பவற்றையும் விளங்கிக்கொண்டால் இலக்கண வினாவுக்கு மட்டுமன்றி, “நாவடக்கம்”, “சமூக வலைத்தளங்களும் மாணவரும்”, “கருத்துச் சுதந்திரம்” போன்ற கட்டுரைத் தலைப்புகளுக்கும் அது கைகொடுக்கும். அதற்காகவே இப்பாடம் எழுதப்பட்டுள்ளது.

இப்பாடத்தைப் படித்து முடித்ததும் நீங்கள்,

• தகுதி வழக்கின் வகைகளை உதாரணத்துடன் விளக்குவீர்கள்.
• இடக்கர்ச் சொல், வசை, இழித்துரை ஆகியவற்றை வேறுபடுத்துவீர்கள்.
• ஒரு குழுவில் சொல்லொழுக்க விதி எப்படி அமைய வேண்டும் என்று காரணங்காட்டி எழுதுவீர்கள்.

1. இலக்கணம் கூறும் விதி

நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் வழக்கினை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாகப் பிரிக்கின்றார். ஒரு பொருளுக்கு உரிய சொல் இருக்கவும், அந்தச் சொல்லாற் கூறுவது அவ்விடத்துக்குத் தகாது எனக் கருதி வேறொரு சொல்லாற் கூறுவது தகுதி வழக்கு. அது மூவகைப்படும்.

(அ) இடக்கரடக்கல்: பலர் முன்னிலையிற் சொல்லக் கூசும் சொல்லை மறைத்து வேறு சொல்லாற் கூறுதல். உதாரணம்: கால் கழுவி வந்தான், வாய் பூசி வந்தான்.

(ஆ) மங்கலம்: மங்கலமற்றதை மங்கலமாகக் கூறுதல். உதாரணம்: செத்தார் என்பதை இயற்கை எய்தினார் என்பது; சுடுகாட்டை நன்காடு என்பது.

(இ) குழூஉக்குறி: ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு வேறு பெயர் வைத்துக் கூறுதல். உதாரணம்: பொற்கொல்லர் பொன்னைப் “பறி” என்பது.

நன்னூலுக்கு முன்னரே தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் எச்சவியலில் இதைப் பற்றிக் கூறியுள்ளார். அவர் பயன்படுத்தும் பெயர் “அவையல்கிளவி”. கிளவி என்றால் சொல். அவை அல் கிளவி என்றால் அவைக்கு உரியதல்லாத சொல். இப்பெயரை நன்றாகக் கவனியுங்கள். “கெட்ட சொல்” என்றோ “பாவமான சொல்” என்றோ அவர் பெயரிடவில்லை. அவைக்கு ஒவ்வாத சொல் என்றே பெயரிட்டுள்ளார். அதாவது, சொல்லை மட்டும் தனியே எடுத்துப் பார்த்து நல்லது, கெட்டது என்று தீர்மானிக்க முடியாது. அது எந்த அவையில், யார் முன்னிலையிற் சொல்லப்படுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

தொல்காப்பியர் இவ்விதிக்கு ஒரு விலக்கும் தந்துள்ளார். நெடுங்காலமாக வழக்கிற் பழகிப்போன சொற்களை மறைக்க வேண்டியதில்லை என்பதே அவ்விலக்கு. ஆட்டுப்பிழுக்கை, யானையிலண்டம் போன்றவற்றை உரையாசிரியர்கள் இதற்கு உதாரணமாகக் காட்டுவர். விதி இருக்க வேண்டும். ஆனால் அது கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் சொல்லையும் விரட்டக்கூடாது. இந்த இரண்டையும் நினைவிற் கொள்ளுங்கள். பாடத்தின் பிற்பகுதி முழுவதும் இவற்றின் மேலேயே கட்டப்பட்டுள்ளது.

2. மூன்றும் ஒன்றல்ல

பேச்சு வழக்கில் “தூசணம்” என்று ஒரே சொல்லால் எல்லாவற்றையும் குறிப்பிடுகின்றோம். வடமொழித் “தூஷணம்” என்பதன் திரிபு இது. பழித்துரைத்தல் என்பது அதன் பொருள். கட்டுரையில் இதனை மூன்றாகப் பிரித்து எழுதினால் உங்கள் விடை தெளிவாக இருக்கும்.

(அ) இடக்கர்ச் சொல்: உடலுறுப்பு, உடற்கழிவு முதலியவற்றைப் பச்சையாகக் கூறும் சொல். காலில் கல் இடித்ததும் ஒருவர் வாயிலிருந்து வருவது இத்தகையது. கேட்பவருக்குக் கூச்சம் உண்டாகும். ஆனால் அது எவரையும் நோக்கி எறியப்பட்டதன்று.

(ஆ) வசை: ஒருவரை நோக்கி, அவரைப் புண்படுத்தும் நோக்கத்துடன் கூறப்படும் ஏச்சு. இதில் இடக்கர்ச் சொல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

(இ) இழித்துரை: ஒருவர் பிறந்த சாதி, இனம், மதம், ஊர், பால், உடற்குறை ஆகியவற்றைச் சுட்டி, அவரையும் அவரைச் சேர்ந்த எல்லோரையும் தாழ்த்திக் கூறுதல்.

இந்த மூன்றில் எது அதிகம் காயப்படுத்தும்? ஓர் உதாரணத்தைப் பாருங்கள். “தோட்டம்” என்பதும் “காடு” என்பதும் நல்ல தமிழ்ச் சொற்கள். ஆனால் மலையகத்திலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவனைப் பார்த்துத் “தோட்டக்காட்டான்” என்று கூறும்போது, அவனுடைய பெற்றோரின் உழைப்பும் பாட்டன் பூட்டன் பட்ட துன்பமும் ஒரே சொல்லில் இழிவாக்கப்படுகின்றன. அச்சொல்லில் கூசத்தக்க எழுத்து ஒன்றுகூட இல்லை. இருந்தும் அது இடக்கர்ச் சொல்லை விடக் கொடியது. இடக்கர்ச் சொல்லைக் கேட்டவர் காதைப் பொத்திக்கொள்ளலாம். இழித்துரைக்கு ஆளானவர் தன் பிறப்பை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பது?

இன்னொன்றையும் சிந்தியுங்கள். தமிழில் வழங்கும் தூசணங்களிற் பெரும்பாலானவை எதிராளியின் தாயையோ சகோதரியையோ இழிவுபடுத்துபவை. சண்டை பிடிப்பவர்கள் இரண்டு ஆண்கள். ஏச்சு விழுவது அச்சண்டையோடு எந்தத் தொடர்புமில்லாமல் வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு. அதே குழுவில் மாணவிகளும் அதை வாசித்துக்கொண்டு இருக்கிறார்கள் என்பதை எழுதுபவர் நினைப்பதில்லை.

3. வேறு அவைகளில் உள்ள விதிகள்

கட்டுரையில் உதாரணம் காட்டுவதற்குப் பின்வருவன உதவும்.

உதைபந்தாட்டம்: ஆட்ட விதிகளின் 12 ஆம் விதிப்படி அவமதிக்கின்ற, புண்படுத்துகின்ற, ஏசுகின்ற மொழியைப் பயன்படுத்தும் வீரருக்குச் சிவப்பு அட்டை காட்டப்படும். அவர் வெளியேற, அவரது அணி ஒருவர் குறைந்த நிலையில் ஆட வேண்டும். ஒருவரின் வாய்த் தவறுக்கு அணி முழுவதும் விலை கொடுக்கின்றது.

கிரிக்கெட்: சர்வதேசக் கிரிக்கெட் பேரவை 2018 இல் தனது ஒழுக்கக் கோவையைத் திருத்தியபோது இரண்டு குற்றங்களை வேறு வேறாக வைத்தது. மற்றவர் காதிற் கேட்கும்படி ஆபாசச் சொல் கூறுவது முதலாம் மட்டக் குற்றம். ஒருவரைத் தனிப்பட்ட முறையில் ஏசுவது இரண்டாம் அல்லது மூன்றாம் மட்டக் குற்றம். ஆட்டமிழந்த ஆத்திரத்தில் வெளிவந்த சொல்லும் எதிரணி வீரரை நோக்கி எறிந்த சொல்லும் ஒன்றல்ல என்பதை இப்பிரிவு காட்டுகின்றது. நாம் மேலே செய்த பிரிவும் இதுவே.

பாராளுமன்றம்: உறுப்பினர் ஒருவர் சபைக்கு ஒவ்வாத சொல்லைக் கூறினால் அதனை மீளப்பெறுமாறு சபாநாயகர் பணிக்கலாம். ஹன்சாட் அறிக்கையிலிருந்து அச்சொல்லை நீக்கவும் உத்தரவிடலாம். அரசாங்கத்தை எவ்வளவு கடுமையாகக் கண்டித்தாலும் அது சபைக்கு ஒவ்வாதது ஆகாது. கண்டனத்துக்கு இடமுண்டு, ஏச்சுக்கு இடமில்லை.

மூன்று அவைகளிலும் பொதுவாக உள்ளது என்ன? விதி முன்னரே எழுதப்பட்டுள்ளது. அதை நடைமுறைப்படுத்த ஒருவர் இருக்கின்றார். குற்றத்துக்கு ஏற்றபடி நடவடிக்கை எடுக்கப்படுகின்றது.

4. இணையவழிக் குழுக்கள்

வகுப்புக்கு ஒரு வட்ஸ்அப் குழு, விளையாட்டுக் கழகத்துக்கு ஒன்று, முகநூலில் பழைய மாணவர் குழு என இன்று ஒவ்வொருவரும் பல குழுக்களில் இருக்கின்றோம். இவையும் அவைகளே. ஆனால் மூன்று வகையில் இவை வேறுபடுகின்றன.

முதலாவது, முகம் தெரிவதில்லை. நேரிலே ஏசுபவன் எதிரே இருப்பவரின் கண் கலங்குவதைக் காண்பான். அதைக் கண்டு நிறுத்தவும் கூடும். திரையிலே அது தெரியாது. இரண்டாவது, சொல் அழிவதில்லை. வாயாற் சொன்னது காற்றோடு போகலாம். எழுதியதைச் சில நிமிடங்களில் அழித்தாலும் அதற்குள் யாரோ ஒருவர் அதைப் படம்பிடித்து இன்னொரு குழுவுக்கு அனுப்பியிருப்பார். மூன்றாவது, அவையின் அளவு தெரிவதில்லை. நான்கு நண்பர்களுக்கு என்று எழுதியதை நானூறு பேர் வாசிக்கலாம்.

இதனால் பல குழுக்களும் நிறுவனங்களும் தூசணத்தைத் தடுக்கும் விதிகளை வைத்துள்ளன. அவற்றில் இரண்டு முறைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முறை ஒன்று: சொற்பட்டியல்

விலக்கப்பட்ட சொற்களைப் பட்டியலிட்டு, அவை வந்தால் கணினியே தடுத்துவிடும் முறை இது. இதிலுள்ள சிக்கலுக்குப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ஸ்கந்தோர்ப் என்றொரு நகரம் இருக்கிறது. 1996 இல் அமெரிக்கா ஒன்லைன் என்ற இணையச் சேவை நிறுவனத்தில் அந்நகரத்தவர் கணக்குத் திறக்க முடியாமற் போயிற்று. காரணம், அந்நகரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது அதன் நடுவில் ஓர் இடக்கர்ச் சொல்லின் எழுத்துகள் தொடர்ச்சியாக வருகின்றன. கணினி எழுத்தைக் கண்டது, ஊரைக் காணவில்லை.

தமிழிலும் இதே சிக்கல் உண்டு. “மயிர்” என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இன்று ஒருவரை அலட்சியப்படுத்தும் ஏச்சாக இது வழங்குகின்றது. ஆனால் திருக்குறளில் மானம் என்னும் அதிகாரத்தில் இச்சொல் வருகின்றது. உங்கள் விஞ்ஞான பாடத்தில் “வேர்மயிர்” என்றும் “மயிர்த்துளைக் குழாய்” என்றும் வருகின்றது. இச்சொல்லைப் பட்டியலில் சேர்த்துவிட்டால், வேர்மயிர் நீரை எவ்வாறு அகத்துறிஞ்சுகின்றது என்று கேட்ட மாணவியின் செய்திதான் முதலில் தடைப்படும். ஏச விரும்புபவனோ அதே சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுவான், இடையில் ஒரு புள்ளியைப் போடுவான், தப்பிவிடுவான். “தோட்டக்காட்டான்” போன்ற இழித்துரைகள் பட்டியலைத் தயாரிப்பவர் நினைவுக்கு வராமலே போகலாம். படிக்க வந்தவள் அகப்படுகிறாள். ஏச வந்தவன் தப்புகிறான்.

தொல்காப்பியர் விலக்கு ஒன்றைச் சேர்த்ததன் அருமை இப்போது விளங்குகிறதல்லவா?

முறை இரண்டு: செயலைப் பார்க்கும் விதி

விக்கிப்பீடியா இதற்கு நல்ல உதாரணம். 2003 இலிருந்து தமிழிலும் இக்கலைக்களஞ்சியம் உள்ளது. இடக்கர்ச் சொல்லைப் பற்றி மொழியியல் நோக்கில் கட்டுரை எழுத விக்கிப்பீடியாவில் தடையில்லை. ஆனால் கட்டுரைகளைப் பற்றிக் கலந்துரையாடும்போது சக பங்களிப்பாளரைத் தனிப்பட்ட முறையில் தாக்குவது விலக்கப்பட்டுள்ளது. எழுதப்பட்ட விடயத்தை விமர்சிக்கலாம். எழுதியவரைத் தாக்கக்கூடாது என்பதே அதன் சாரம். விதியை மீறிக்கொண்டே இருப்பவர் தொகுக்க முடியாதவாறு தடுக்கப்படலாம்.

இங்கே கேட்கப்படும் கேள்வி “என்ன சொல் வந்தது?” என்பது மட்டுமன்று. “அச்சொல்லால் யாருக்கு என்ன செய்யப்பட்டது?” என்பதே முதன்மையான கேள்வி. தூசணத்தால் ஏசப்பட்ட ஒருவர் ஆசிரியரிடம் முறையிடும்போது, “இப்படிச் சொன்னான்” என்று அதே சொல்லை எழுதிக் காட்டலாம். அது தூசணம் பேசியதாகாது. சான்று கூறியதாகும். சொற்பட்டியலுக்கு இந்த வேறுபாடு விளங்காது, மனிதருக்கு விளங்கும்.

5. விதி ஏன் வேண்டும்?

“பெரியவர்கள் கூடாது என்கிறார்கள்” என்று எழுதுவது காரணம் ஆகாது. உண்மையான காரணம் இதுதான். தூசணம் தடையின்றிப் புழங்கும் குழுவில், அதை விரும்பாதவர்கள் சண்டை பிடிப்பதில்லை. பேசாமல் விலகிவிடுகிறார்கள். பரீட்சைக்குத் தயாராகும் ஒரு குழுவை நினைத்துப் பாருங்கள். அதில் இரவு பத்து மணிக்கு இரண்டு பேர் தூசணத்தால் ஏசிக்கொள்கிறார்கள். மறுநாள் ஒரு மாணவியின் தந்தை அதைப் பார்த்துவிட்டு அவளைக் குழுவிலிருந்து விலகச் சொல்கிறார். அவளுக்கு இனி வகுப்பு நேரமாற்றம் தெரியாது. மாதிரி வினாத்தாள் கிடைக்காது. சந்தேகம் கேட்க இடமில்லை. ஏசியவர்கள் குழுவில் இருக்கிறார்கள். எந்தப் பிழையும் செய்யாதவள் வெளியே நிற்கிறாள். விதி இல்லாத அவையில் எல்லோருக்கும் சுதந்திரம் கிடைப்பதில்லை. உரத்து ஏசுபவருக்கு மட்டுமே கிடைக்கின்றது.

மறுபக்கத்தையும் எழுத வேண்டும். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை இலங்கைப் பிரசைகளுக்குப் பேச்சுச் சுதந்திரத்தையும் கருத்து வெளியிடும் சுதந்திரத்தையும் உறுதிசெய்கின்றது. 15 ஆம் உறுப்புரை அதற்குரிய வரையறைகளைக் கூறுகின்றது. இன, மத நல்லிணக்கம், அவதூறு முதலியன அவற்றுட் சில. ஒரு வகுப்புக் குழுவின் விதி நாட்டின் சட்டம் அன்று. என்றாலும் அதே சமநிலை இங்கும் தேவை. “மரியாதை” என்ற பெயரில் கேள்வி கேட்பவரின் வாயை மூடுவதும் தவறுதான். “இந்த விடை பிழை சேர்” என்று ஒரு மாணவன் எழுதுவது மரியாதைக் குறைவு ஆகாது.

தமிழ் மரபும் கண்டனத்தைத் தடுத்ததில்லை. பழித்துப் பாடுவதை அங்கதம் எனப் பெயரிட்டு, வெளிப்படையாகப் பழிப்பது, மறைத்துப் பழிப்பது என இரண்டாகத் தொல்காப்பியர் வகுத்திருக்கிறார். அடக்கமுடைமை, இனியவை கூறல், அவையறிதல் ஆகிய அதிகாரங்களைத் தந்த வள்ளுவர், குற்றத்தை இடித்துக் கூறுவது நட்பின் கடமை என்றும் கூறியுள்ளார்.

6. நல்ல விதியின் இயல்புகள்

(1) முன்கூட்டியே எழுதப்பட்டு, குழுவிற் சேரும்போதே ஒவ்வொருவருக்கும் காட்டப்பட வேண்டும்.
(2) எது குற்றம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். “கூடாத வார்த்தை பேசக்கூடாது” என்பது தெளிவற்றது. “ஒருவரையோ அவரது குடும்பத்தையோ ஏசுதல், சாதி, இனம், மதம், ஊர், பால், உடற்குறை என்பவற்றைச் சுட்டி இழித்தல் ஆகாது” என்பது தெளிவானது.
(3) எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். நிர்வாகியின் நண்பனுக்கு ஒரு நீதி, மற்றவனுக்கு வேறு நீதி என்றால் விதி செத்துவிடும்.
(4) நடவடிக்கை படிமுறையாக அமைய வேண்டும். வாய்தவறி வந்த சொல்லுக்கு எச்சரிக்கை. மீண்டும் மீண்டும் ஏசுபவருக்கு விலக்கு.
(5) குற்றஞ்சாட்டப்பட்டவர் தன் பக்கத்தைச் சொல்ல இடமிருக்க வேண்டும்.
(6) கருத்து வேறுபாட்டைத் தடுக்கக்கூடாது.

7. கட்டுரை எழுதுவோர் கவனத்துக்கு

• உதாரணத்துக்காகக்கூட இடக்கர்ச் சொல்லை விடைத்தாளில் அப்படியே எழுத வேண்டாம். விடைத்தாளும் ஓர் அவையே. “தாயைப் பழிக்கும் சொல்” என்பது போல எழுதினால் போதும், அதுவே இடக்கரடக்கல்.
• “இக்கால இளைஞர் கெட்டுவிட்டனர்” என்று தொடங்க வேண்டாம். வசைபாடுவதிற் பெயர்பெற்ற காளமேகப் புலவர் இணையம் தோன்றப் பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். ஏச்சு புதிதன்று, அது பரவும் வேகமே புதிது.
• கைத்தொலைபேசியைத் தடைசெய்வதே தீர்வு என முடிக்க வேண்டாம். அவையைக் கலைப்பது அவையொழுக்கத்தைக் கற்பிக்காது.

மாதிரிப் பந்தி:

“ஒரு குழுவில் தூசணத்தை விலக்குவது சொற்களைத் தூய்மையாக வைத்திருப்பதற்காக மட்டுமன்று, அங்கே எல்லோரும் அச்சமின்றிப் பேசுவதற்காகவுமே ஆகும். தொல்காப்பியர் அவையல்கிளவி என்று பெயரிட்டதன் மூலம், சொல்லின் தகுதியை அவையே தீர்மானிக்கின்றது என உணர்த்தினார். எனவே சொற்பட்டியலை மட்டும் நம்பாது, யார் யாரை எந்நோக்கத்துடன் கூறினார் என ஆராய்ந்து நடவடிக்கை எடுக்கும் விதியே சிறந்த விதியாகும்.”

8. பயிற்சி வினாக்கள்

1. தகுதி வழக்கின் மூன்று வகைகளையும் பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் தருக.
2. “அவையல்கிளவி” என்னும் தொடரைப் பிரித்துப் பொருள் கூறுக.
3. பின்வருவன இடக்கர்ச் சொல்லா, வசையா, இழித்துரையா எனக் காரணத்துடன் கூறுக.
(அ) கண்பார்வை குறைந்த மாணவனைப் பெயர் சொல்லி அழைக்காது “குருடன்” என்றே அழைத்தல்.
(ஆ) “நீ ஒரு பொய்யன், களவாணி” எனக் குழுவில் ஒருவரை ஏசுதல்.
(இ) “உனது கணக்கு விடை முற்றிலும் பிழை” எனப் பதிவிடுதல்.
4. உங்கள் வகுப்புக் குழுவுக்கு ஐந்து சொல்லொழுக்க விதிகளை எழுதுக.
5. “கருத்துச் சுதந்திரமும் சொல்லொழுக்கமும்” என்னும் தலைப்பில் ஏறத்தாழ 250 சொற்களில் ஒரு கட்டுரை எழுதுக.

விடைக் குறிப்பு:

வினா 1, 2: முதலாம் பகுதியைப் பார்க்க.
வினா 3: (அ) இழித்துரை, உடற்குறையையே ஒருவரின் பெயராக்குவதால், அக்குறையுடைய எல்லோரையும் தாழ்த்துகின்றது. (ஆ) வசை, ஒருவரை நோக்கியது, இடக்கர்ச் சொல் இல்லாதது. (இ) மூன்றும் அல்ல, இது விமர்சனம். காரணத்தையும் சேர்த்து எழுதியிருந்தால் இன்னும் பயனுள்ளதாக இருந்திருக்கும்.
வினா 4: ஆறாம் பகுதியிலுள்ள இயல்புகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க. எழுதிய விதிகளை வகுப்பில் வாசித்துக் காட்டி, எல்லோரும் உடன்பட்டால் உங்கள் குழுவிலேயே நடைமுறைப்படுத்திப் பாருங்கள்.
வினா 5: ஐந்தாம் பகுதியிலுள்ள இரு பக்கங்களையும் எழுதி, முடிவுரையில் உங்கள் நிலைப்பாட்டைத் தெளிவாகக் கூறுக.